வட்டவடை மேடும் என் மூச்சும்

"என்னடா தம்பி, இப்படி மூச்சு வாங்குது?"

கேட்டது என் அக்கா. இடம், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்திலுள்ள வட்டவடை. 2023 மே மாதம். கோவிலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அக்கா வீட்டுக்குப் போகும் மேட்டில் பாதி தூரம்கூட ஏறவில்லை. வழியில் கிடந்த ஒரு கல்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவின் தலையில் புல்லுக்கட்டு. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். அப்போது அவளுக்கு அறுபத்து நான்கு. சின்ன வயதில் போடிநாயக்கனூர்த் தெருக்களில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். சுமையை இறக்காமலே கையை நீட்டி, என் தோளில் கிடந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"மெதுவா வா. நான் இங்கனதான் நிக்கிறேன்" என்றாள்.

கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. அவள் முகத்தில் இருந்தது கவலை. அதுதான் சுட்டது. மும்பை திரும்பும்வரை அந்த முகம் கூடவே வந்தது. இந்தக் கட்டுரை அன்று தொடங்கிய கதைதான். நம் சங்கத்தில் என் வயதை ஒட்டிய அன்பர்கள் பலர் இருப்பதால், என் அனுபவம் யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன்.

எல்லைக்கோடு

அந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஆபீஸில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற கணக்கில் எனக்கு 6.3 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோய்க்கு முந்திய நிலை, 6.5 ஆனால் சர்க்கரை நோய். "எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு அந்த நோய் புதிதல்ல. அப்பா போடியில் ஏலக்காய்க் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். காலையில் திண்டில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். ஐம்பத்தைந்தில் சர்க்கரை. கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண். செருப்புக் கடித்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதலில் விரல் போனது, பிறகு பாதம். கடைசி ஆறு வருஷம் வாசல் திண்ணைதான் அவருக்கு உலகம். அவர் இறந்தபோது எனக்கு வயது இருபத்தொன்பது. 'நாம் இப்படி ஆகக்கூடாது' என்று அன்றே தீர்மானித்தேன். தீர்மானிப்பதில் நமக்குக் குறைச்சலே கிடையாதே!

ஒரு புத்தாண்டுக்கு உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் வருஷ சந்தா முழுவதும் கட்டினேன். போனது பத்தொன்பது நாள். முதல் நாளே இளைஞர்களோடு போட்டி போட்டு எடை தூக்கியதில் தோள் பிடித்துக்கொண்டு, உள்ளூர் ரயிலில் கம்பியைப் பிடிக்க முடியாமல் திண்டாடினேன். இன்னொரு வருஷம் விலை உயர்ந்த ஷூ. அது இன்றும் புதிதாகவே இருக்கிறது. பிறகு கைக்கடிகாரம் பார்த்துத் தினம் 10,000 அடி. நாலாம் நாள் ஆறாயிரத்தில் நின்றது. ஐந்தாம் நாள் கடிகாரம் மேஜை இழுப்பறைக்குள் போனது.

அந்தப் பத்தாயிரம் எப்படி வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயருக்கே 'பத்தாயிரம் அடி அளப்பான்' என்றுதான் பொருள். விற்பனைக்காக வைத்த பெயரே உலகத்துக்குச் சட்டம் போல் ஆகிவிட்டது. அதை எட்ட முடியவில்லை என்று மனம் உடைந்தவர்களில் நானும் ஒருவன்.

மலைக்காரன் கால்

வட்டவடையைப் பார்க்காத அன்பர்களுக்காகச் சில வரிகள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் விரிகிறது அந்தப் பள்ளத்தாக்கு. 5000 அடிக்கு மேல் உயரம். மலைச்சரிவு முழுவதும் படி படியாக வெட்டிய நிலம். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு. காந்தளூர்-வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாநிலம் கேரளம் என்றாலும், ஊரில் காதில் விழுவது தமிழ்தான். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழி என்று ஊரார் சொல்வார்கள். ஆக, அவர்களும் நம்மைப் போல் பிழைப்புத் தேடி இடம் பெயர்ந்தவர்களின் வாரிசுகளே.

அக்கா வீட்டில் இருந்த எட்டு நாளும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மற்றவர்களைக் கவனித்ததுதான். அங்கே யாரும் 'உடற்பயிற்சி' செய்யவில்லை. அக்கா விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுகிறாள். சாணக் கூடை தோட்டத்துக்குப் போகிறது. புல்லுக்கட்டு திரும்பி வருகிறது. இடையில் களை எடுப்பு, குந்தி உட்கார்ந்து எழுவது. கடைக்குப் போனால் இறக்கம், வந்தால் ஏற்றம். ஒரு நாளில் அவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்து என்ன செய்யப்போகிறாள்?

"உங்களுக்கெல்லாம் மலைக்காரன் கால். எங்களுக்கு அது வருமா?" என்று ஒருநாள் மாமாவிடம் சொன்னேன். மாமாவுக்கு எழுபது வயது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"அப்படி ஒண்ணும் கிடையாது மாப்ளே. நானே ஒக்காந்து பாத்தவன்தான்."

அதன்பிறகு அவர் சொன்ன கதைதான் என் கண்ணைத் திறந்தது. 2019-இல் மகன் ஜீப் வாங்கினான். தோட்டத்தில் பாதியைக் குத்தகைக்கு விட்டார்கள். 'அப்பா, இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க' என்றான் மகன். மாமாவும் எடுத்தார். டி.வி., சாப்பாடு, தூக்கம். எங்கே போனாலும் ஜீப். இரண்டே வருஷம், வயிறு முன்னால் வந்தது. ஊர்த் திருவிழாவில் கோயிலுக்கு ஏறும்போது மூன்று இடத்தில் நின்றாராம். பிறந்து வளர்ந்த அதே மேடு. அறுபது வருஷம் ஏறிய அதே கால்.

"அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் விடிஞ்சதும் தோட்டத்துல மொத அடுக்கு வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். அவ்வளவுதான். ஒரு வாரம் அதே. அடுத்த வாரம் ரெண்டாவது அடுக்கு. பால் கேனையும் மகன்கிட்ட இருந்து வாங்கிட்டேன். அதை நான்தான் கொண்டுபோய் ஊத்துவேன்னு சொல்லிட்டேன். மேல் அடுக்கு வரைக்கும் போக அஞ்சு மாசம் ஆச்சு. நேத்து நடந்த கால் இன்னிக்கு நடக்கும். வேற ரகசியம் ஒண்ணும் இல்ல."

நம்மோடு வந்தது தட்டு மட்டும்

திரும்பும் வழியில் டாப் ஸ்டேஷனில் பஸ் நின்றது. கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி மங்கலாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இங்கே வந்து, கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனது. தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவடம். மனிதர்களுக்கு ஒற்றையடிப் பாதை. மாமாவின் அப்பா அந்த வழியாகத்தான் இறங்கிப் போடிச் சந்தைக்கு வருவாராம்.

அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. மலையேறிப் போன அவர்களும் ஊரை விட்டவர்கள், ரயிலேறி வந்த நாமும் ஊரை விட்டவர்கள். அவர்கள் சோற்றோடு மண்வெட்டியையும் கொண்டுபோனார்கள். நாம் தட்டை மட்டும் கொண்டுவந்தோம். வயலில் பகல் முழுதும் உழைத்த தாத்தா சாப்பிட்ட அதே அளவுச் சோறு, அதே இரண்டாம் தடவை சாம்பார் சோறு, அதே அப்பளம். பரிமாறுவதும் பாசத்தோடு. ஆனால் நடை வரவில்லை. நான்காம் மாடிக்கு லிஃப்ட், ஸ்டேஷனுக்கு ஆட்டோ, ஆபீஸில் நாற்காலி, வீட்டில் சோபா. அப்பாவின் கடைத் திண்டுக்கும் என் நாற்காலிக்கும் என்ன வித்தியாசம்? நாற்காலிக்குச் சக்கரம் உண்டு; அவ்வளவுதான்.

ஆராய்ச்சிகள் சொல்வது

நான் மும்பை திரும்பிய சில நாளில், அந்த ஜூன் மாதமே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. பெரியவர்களில் நூற்றுக்கு, தமிழ்நாட்டில் 14 பேருக்கு மேல்; கேரளத்தில் 25 பேருக்கு மேல். நம் இன அமைப்பில், பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றில் கொழுப்புச் சேர்வது எளிது. அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். வேட்டி கட்டும் நமக்கு இதில் ஒரு தொல்லை: பேன்ட் இறுகுவது தெரியும், வேட்டி எதையும் காட்டிக்கொடுக்காது!

நல்ல செய்தியும் உண்டு. அதுவும் நம் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண ஆலோசனையோடு விட்ட குழுவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆனார்கள். தினம் அரைமணி நேர வேக நடை, அளவான உணவு என்று மாற்றிக்கொண்ட குழுவில் 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த குழுவிலும் ஏறத்தாழ அதே அளவு. அதாவது, நடை என்பது மாத்திரைக்குச் சமமாக நின்றது. எல்லோரையும் காப்பாற்றவில்லை, உண்மைதான். ஆனால் நூற்றுக்குப் பதினாறு குடும்பங்கள் அந்த மூன்று ஆண்டில் தப்பின. அந்தப் பதினாறில் நாம் இருக்கக்கூடாதா?

இன்னொன்று, லண்டன் கதை. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதினார். மாடி பஸ்ஸில் ஒரே சம்பள வர்க்கம், ஒரே வண்டி. டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. மும்பையின் பழைய டீசல் மாடி பஸ்கள் 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றன. அவற்றில் ஏறி இறங்கிய கண்டக்டர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களும் யாரும் 'உடற்பயிற்சி' செய்யவில்லை, வேலைதான் செய்தார்கள்.

பத்து நிமிடம்

நானும் மாமாவின் வழியில் 'முதல் அடுக்கு' தேடினேன். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து பல்லார்ட் எஸ்டேட் ஆபீஸுக்கு ஷேர் டாக்ஸியில்தான் போவேன். நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். காலையில் மட்டும் டாக்ஸியை விட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு மாதம் இதுதான். இது என்ன பெரிய காரியம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஷூவுக்கும் சந்தாவுக்கும் கிடைக்காத ஒன்று இதற்குக் கிடைத்தது: நின்றுபோகவில்லை.

இரண்டாம் மாதம் மாலையிலும் நடை. மூன்றாம் மாதம் வீட்டுக்கு இறங்கும்போது லிஃப்ட் இல்லை. ஐந்தாம் மாதம் ஏறும்போதும் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடியிருப்பு வளாகத்துக்குள் பதினைந்து நிமிடம். சாப்பிட்டபின் நடந்தால் தசைகள் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். இரத்தத்தில் அது எகிறுவது குறையும்.

இதற்கு என் மனைவியைக் கூப்பிட்டபோது, "வீட்டு வேலையே எனக்கு எக்ஸர்சைஸ்தான். காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருச்சா எப்ப உட்காருறேன்னு பாத்தீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் வேலையில் பாதியை நான் வாங்கிக்கொள்ளாமல் 'நடக்க வா' என்று அழைப்பது என்ன நியாயம்? இரவுப் பாத்திரம் என் பொறுப்பு ஆயிற்று. அதன்பிறகுதான் அவள் கீழே இறங்கி வந்தாள். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஆண்களில் 42. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்பவர் ஒரு வாரம் சமையலறையை ஏற்று நடத்திப் பார்க்கட்டும்.

மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டுப்போனது. டெங்குக் காய்ச்சலில் ஒரு மாதமே போனது. பழைய நானாக இருந்தால் 'அவ்வளவுதான்' என்று விட்டிருப்பேன். மாமாவை நினைத்து மறுபடியும் முதல் அடுக்கிலிருந்து தொடங்கினேன்.

தொடங்க நினைப்போருக்கு

என் அனுபவத்திலிருந்தும், டாக்டரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவை:

1. மணி பார்த்துத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். 'ரயிலை விட்டு இறங்கியதும்', 'தட்டைக் கழுவியதும்', 'பிள்ளையைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றியதும்' என்று இருக்கட்டும்.

2. முதல் மாதம் வெட்கப்படும் அளவுக்குக் குறைவாகச் செய்யுங்கள். போய்ச் சேரவேண்டிய இடம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்தின் கணக்கு. அதை எட்ட ஆறு மாதம் ஆனாலும் நட்டமில்லை.

3. நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். அக்கா குந்தி எழுந்து களை எடுப்பதன் நகர வடிவம் இது.

4. ஒரு மண்டலத்தில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்து 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரி 66 நாள் ஆனது. சிலருக்குப் 18, சிலருக்கு 254. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. எனவே, ஒருநாள் விட்டால் கவலை வேண்டாம், மறுநாள் விடாதீர்கள்.

5. சோற்றை விடவேண்டாம். இரண்டாம் முறை பரிமாறும் கரண்டியில் காய்கறி வரட்டும்.

6. நெஞ்சு வலி, தலைசுற்றல், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சட்டைப்பையில் இனிப்பு மிட்டாய் வைத்திருங்கள். தினம் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். அப்பாவின் கட்டைவிரலை நாங்கள் பார்க்கத் தவறினோம்.

மீண்டும் அந்த மேடு

2025 மே மாதம் மறுபடியும் வட்டவடைக்குப் போனோம். என் எச்பிஏ1சி அப்போது 5.8. எடை ஐந்து கிலோதான் குறைந்திருந்தது. பெரிய சாதனை ஒன்றும் இல்லை. எல்லைக்கோட்டை விட்டு முழுதாக விலகவும் இல்லை. ஆனால் கோட்டிலிருந்து எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறேன் என்பது மாறியிருந்தது.

கோவிலூரில் இறங்கினோம். அக்கா காத்திருந்தாள். அந்தக் கல் அதே இடத்தில் கிடந்தது. உட்காரவில்லை. மூச்சு வாங்கியதா? வாங்கியது. இரண்டு இடத்தில் நின்றேன், ஆனால் நின்றுகொண்டே பேசினேன். பாதி மேட்டில் பழக்கதோஷத்தில் பைக்காகக் கையை நீட்டியவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கி என் தோளில் வைத்தாள்.

"இந்தா, நீ தூக்கு. எனக்கும் வயசாகுதுல்ல" என்றாள்.

கட்டு கனமாகத்தான் இருந்தது. வீட்டுத் தொழுவம் வரை இறக்கவில்லை.

அன்பர்களே, நம் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் குடும்பத்தோடு சேர்ந்து நடக்கலாமே என்பது என் யோசனை. கூட்டம் முடிந்ததும் வடை, காபி வழக்கம்போல் உண்டு, யாரும் பயப்படவேண்டாம். வர இயலாதவர்கள் நாளைக் காலை உங்கள் 'முதல் அடுக்கு' எது என்று மட்டும் இன்று இரவு யோசித்து வையுங்கள்.